லாகின் கருவியும் அதன் கையேடும்

கணிப்பொறியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பெரிய பொறிகளையும், நிரல் மொழிகளையும், அவற்றைப் படைத்த அறிஞர்களையுமே பொருளாகக் கொள்வர். பொறியின் வாயிலில் நின்று, வருவாரை ‘நீவிர் யார்?’ என வினவி, உரியாரை உள்ளே விடுத்து, அல்லாரைத் தடுக்கும் சிறு கருவிகளைப் பற்றி எழுதினோர் சிலரே. எழுத்தால் கட்டளையிடும் முனையங்களில் அப்பணியைச் செய்வது ‘லாகின்’ எனும் நிரலாகும். அரை நூற்றாண்டுக்கு மேலாக அது வழக்கில் உள்ளது. ஆக்கியோர் சிலர், அவர்க்குப் பின் பேணியோர் பலர். ஆக்கியோரை நேரிற் கண்டிராத ஒருவர் அதனைப் பேணுங்கால் அவருக்கு வழிகாட்டுவது யாது? நிரலே போதும் என்பார் உளர். நிரலோடு உடன்வரும் கையேடும் நிரலின் ஓர் உறுப்பே என்பதும், அதனைப் பிரித்துக் கருதியவிடத்து வாயில் பழுதுறும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

1. வாயில் தோன்றிய வரலாறு

தொடக்கக் காலக் கணிப்பொறிகளுக்கு வாயில் வேண்டியிருக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒருவர் தந்த அட்டைக் கட்டே பொறியை ஆண்டமையின் ‘யார்’ எனும் வினா எழவில்லை. 1961ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் துணைவரும் ‘சி.டி.எஸ்.எஸ்.’ எனும் நேரப்பகிர்வு முறையைச் செய்து காட்டினர். ஒரே பொறியைப் பலர் ஒருங்கே பயன்படுத்தும் நிலை அதனால் உண்டாயிற்று. ஒருவருடைய கோப்பு மற்றொருவர் கைக்குச் செல்லாமற் காத்தற்கும், அவரவர் பயன்படுத்திய நேரத்தைக் கணக்கிடுதற்கும் பெயரும் கடவுச்சொல்லும் வேண்டப்பட்டன.

வாயில் தோன்றிய சில ஆண்டுகளிலேயே அதன் முதற் பெரும் பழுதும் நேர்ந்தது. கோப்புகளைத் திருத்தும் நிரல், திருத்தம் முடியும்வரை தன் படியை ஒரே நிலையான பெயரில் வைத்திருந்தது. 1960-களின் இடைப்பகுதியில் ஒருநாள், பொறியை மேற்பார்ப்போர் இருவர் ஒரே நேரத்தில் அந்நிரலைப் பயன்படுத்தினர். ஒருவர் திருத்தியது நுழைவோர்க்கு அன்றாடம் காட்டப்பெறும் செய்தி; மற்றவர் திருத்தியது கடவுச்சொற் கோப்பு. இரண்டும் இடம் மாறின. அதன்பின் நுழைந்த ஒவ்வொருவர் முனையத்திலும், அன்றைய செய்திக்கு மாறாக, எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாயின. 1990ஆம் ஆண்டுக்குரிய டூரிங் பரிசை ஏற்று ஆற்றிய உரையில் கோர்பட்டோ தாமே இதனை எடுத்துரைத்துள்ளார்.

இதன்கண் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. பழுது வாயிற் கருவியில் இல்லை. திருத்தும் நிரலிலும் தனித்து நோக்கின் பெரிய பழுதில்லை, ஒருவர் மட்டும் பயன்படுத்துங்கால் அது செவ்வனே இயங்கிற்று. இரண்டும் கூடிய இடத்தே பழுது பிறந்தது. இவ்வுண்மை பின்னரும் இருமுறை மெய்ப்பட்டதை மேலே காண்போம்.

2. கையேட்டின் பிறப்பு

பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் 1969இல் தொடங்கிய யூனிக்ஸ் இயக்கமுறைக்குரிய முதற் கையேடு 1971ஆம் ஆண்டு நவம்பர் 3ஆம் நாளிட்டு வெளிவந்தது. லாகின், கெட்டி, இனிட் என்னும் மூன்று நிரல்களும் அம்முதற் பதிப்பிலேயே தனித்தனிப் பக்கம் பெற்றன. ‘கெட்டி’ என்பது ஈண்டுத் தமிழ்ச் சொல்லன்று. ‘தட்டச்சு முனையத்தைப் பெறுக’ எனும் ஆங்கிலத் தொடரின் குறுக்கம்.

இம்மூன்றும் தொழிற்படும் முறை பின்வருமாறு. பொறி இயங்கத் தொடங்கியதும் இனிட் எழுந்து, ஒவ்வொரு முனையத்திற்கும் ஒரு கெட்டியை நிறுத்தும். கெட்டி முனையத்தின் இயல்பை அறிந்து, ‘லாகின்’ எனும் சொல்லை அச்சிட்டு, வருவார் பெயரைப் பெற்று, அப்பெயரை லாகினிடம் ஒப்படைத்துத் தான் மறையும். லாகின் கடவுச்சொல்லைக் கேட்கும். தட்டும் எழுத்துகள் தோன்றாவண்ணம் மறைக்கும். ஒத்ததாயின் வந்தவர்க்குரிய உரிமைகளை அளித்து, கட்டளை ஏற்கும் நிரலுக்கு இடந்தந்து அதுவும் மறையும். அவர் பணி முடித்து நீங்கியதும் இனிட் மீண்டும் ஒரு கெட்டியை நிறுத்தும். ஒன்று தன் இடத்தை மற்றொன்றுக்கு விட்டு மறைதலே இம்முறையின் உயிர்நிலை. ஆதலின் ஒரு நிரல் அடுத்ததனிடம் எதனை, எவ்வடிவில் ஒப்படைக்கின்றது என்பதைக் கையேடு கூறுதல் இன்றியமையாததாயிற்று.

அக்கையேட்டுப் பக்கங்களின் அமைப்பும் கருதத்தக்கது. பெயர், வழங்கும் வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், ஒப்பு நோக்கத்தக்க பக்கங்கள் என்பவற்றின்பின் ‘பழுதுகள்’ எனும் தலைப்பு ஒன்று நின்றது. தாம் செய்த கருவியின் குறையைத் தாமே எழுதிவைத்தல் விற்பனைப் பொருளின் விளக்கவேட்டில் காண்டற்கரியது. முதற் பதிப்பில் ‘உடையார்’ எனும் தலைப்பும் இருந்தது. இந்நிரலுக்குப் பொறுப்பு யார் என்பதை அது பெயர்ச்சுருக்கத்தால் சுட்டிற்று. அத்தலைப்பு பின்னர் வழக்கொழிந்தது; ‘பழுதுகள்’ எனும் தலைப்போ இன்றளவும் நிலவுகின்றது.

3. கருவியில் உறைந்த காலம்

1963இல் வெளிவந்த டெலிடைப் 33 எனும் தட்டச்சு முனையம் நொடிக்குப் பத்து எழுத்துகளை அச்சிட்டது. அதன்கண் ஆங்கிலப் பேரெழுத்துகள் மட்டுமே இருந்தன, சிற்றெழுத்துகள் இல்லை. யூனிக்ஸ் கட்டளைகளோ சிற்றெழுத்தால் அமைந்தவை. இவ்விடர் நீக்கக் கெட்டியில் ஒரு வழி செய்தனர். வருபவர் தம் பெயரை முற்றும் பேரெழுத்தால் தட்டினாராயின், அவர் முனையத்தில் சிற்றெழுத்து இல்லை எனக் கெட்டி முடிவு செய்து, அதன்பின் வரும் எழுத்துகளையெல்லாம் சிற்றெழுத்தாக மாற்றுமாறு பொறிக்கு உரைக்கும். முனையத்தின் வேகம் ஒவ்வாவிடின், பயனர் தடைவிசையை அழுத்த, கெட்டி அடுத்த வேகத்திற்கு மாறும். இவையெல்லாம் 1979இல் வெளிவந்த ஏழாம் பதிப்பின் கையேட்டில் விளங்க எழுதப்பட்டுள்ளன.

பேரெழுத்து மட்டும் உடைய முனையங்கள் பின்னர் அருகின. ஆயின் கெட்டியின் வழக்கம் மாறவில்லை. விசைப்பலகையில் பேரெழுத்துப் பூட்டு விழுந்திருப்பதை அறியாமல் பெயரைத் தட்டியவர், தம் முனையம் முழுதும் பேரெழுத்தாக மாறியது கண்டு மயங்கினர். கையேட்டை அறிந்தார்க்கு அது பழைய கருணையின் எச்சம். அறியாதார்க்குப் பொறியின் கோளாறு. லினக்ஸ் இயக்கமுறையில் வழங்கும் ‘ஏகெட்டி’யின் இன்றைய வடிவில் இவ்வழக்கம் இயல்பாக நிகழ்வதில்லை, வேண்டுவோர் ஒரு விருப்பக் குறியால் அதனைப் பெறலாம். யூனிகோடு எழுத்துகளுக்கு இம்மாற்றம் உதவாது என்பதும் அதன் பக்கத்திற் கூறப்பட்டுள்ளது. பேணுவோர் பழையதை அழிக்கவும் இல்லை. எல்லார்மீதும் சுமத்தவும் இல்லை. இஃது ஏன் உளதாயிற்று என்பதை ஏடு கூறியமையாலேயே இவ்விடைவழி இயல்வதாயிற்று.

4. கடவுச்சொல்லின் நிலை

தொடக்கத்தில் யூனிக்ஸ் கடவுச்சொற்களை உள்ளவாறே கோப்பில் வைத்திருந்தது. பின்னர் அவை மறையெழுத்தாக மாற்றப்பட்டன. இவ்வளர்ச்சியை ராபர்ட் மாரிசும் கென் தாம்சனும் 1979இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டனர். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 2,831, அஃதாவது நூற்றுக்கு 86 பங்கு, மிகக் குறுகியனவாகவோ அகராதி முதலியவற்றில் காணப்படுவனவாகவோ இருந்தன. ஒரே சொல்லை இருவர் கொண்டவிடத்தும் கோப்பில் அவை வேறுபட்டுத் தோன்றுமாறு, 4,096 வகையுள் ஒன்றான ஒரு கலப்பெண்ணை ஒவ்வொரு சொல்லோடும் சேர்த்தனர்.

லாகின் நிரலைப் பற்றி அக்கட்டுரை கூறும் நுட்பம் ஒன்று உண்டு. பொறியில் இல்லாத பெயரைத் தட்டின், நிரல் மறையெழுத்தாக்கும் வேலையைச் செய்யாமல் விரைவில் மறுத்துவிடும்; உள்ள பெயராயின் சற்றுத் தாழ்க்கும். அக்காலப் பொறிகளில் இவ்வேறுபாடு கைக்கடிகாரமின்றியே உணரத்தக்கது. எனவே எப்பெயர் உண்டு, எப்பெயர் இல்லை என்பதை அயலார் அறியலாயிற்று. இதனைத் தடுக்க, இல்லாத பெயர்க்கும் மறையெழுத்து வேலையை வீணே செய்யுமாறு லாகினை மாற்றினர். நிரலை மட்டும் படிப்பார்க்கு அவ்வேலை பயனற்றதாகத் தோன்றும். விரைவை விரும்பி நீக்கிவிடவும் கூடும். அதன் காரணம் எழுத்தில் இருந்தாலன்றி அது நிலைபெறாது.

நிரலே போதும் என்பார்க்குத் தாம்சன் 1984இல் வெளியிட்ட டூரிங் பரிசுரை மற்றொரு வகையால் மறுமொழி ஆகின்றது. மொழிமாற்று நிரல் லாகினை இன்னதென அறிந்துகொண்டு, அதன்கண் ஒரு கள்ளவாயிலைத் தானே நுழைக்குமாறு செய்யலாம் என்றும், அவ்வாறு செய்தமை எந்த மூல நிரலிலும் தோன்றாதவாறு மறைக்கலாம் என்றும் அவர் விளக்கினார். மூலத்தை எத்துணை கூர்ந்து படிப்பினும் அது முழுச் சான்றாகாது என்பது அவர் முடிவு. அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது லாகினே என்பது நினைக்கத்தக்கது.

5. மீண்டும் திறந்த விரிசல்

பெர்க்கிலி வழிவந்த லாகினில் ‘எஃப்’ எனும் விருப்பக் குறி ஒன்று உண்டு. ‘இவர் யாரென முன்னரே தெளியப்பட்டது, கடவுச்சொல் கேட்க வேண்டா’ என்பது அதன் பொருள். பொறியின் முழு உரிமையாளரான ‘ரூட்’ போன்றோர் அழைப்பினன்றி அது செல்லாது எனக் கையேடு வரையறுத்தது. வரையறை செவ்விதே. ஆயின் தொலைவிலிருந்து வருவாரை ஏற்கும் ‘ஆர்லாகின்’ முதலிய பணிநிரல்கள் ரூட்டின் உரிமையோடே இயங்குவன. அவை வந்தவர் தந்த பெயரை வாங்கி லாகினிடம் சேர்ப்பன. ஒருவர் தம் பெயரைச் சிறுகோடும் ‘எஃப்’ எழுத்தும் ‘ரூட்’ எனும் சொல்லும் இடைவெளியின்றிச் சேர்ந்த ஒரே தொடராகத் தந்தால் யாது நிகழும்? லாகின் அதனைப் பெயராகக் கொள்ளாது, ரூட்டைக் கடவுச்சொல் இன்றி விடுக்குமாறு தனக்கிட்ட கட்டளையாகக் கொள்ளும். 1994இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஏ.ஐ.எக்ஸ். முறையிலும் லினக்ஸிலும் இவ்விரிசல் வெளிப்பட, எச்சரிக்கை அறிக்கை வெளியாயிற்று.

பதின்மூன்று ஆண்டுகள் கழிந்தன. 2007ஆம் ஆண்டு பிப்ரவரியில் சன் நிறுவனத்தின் சோலாரிஸ் 10 முறையில், ஆர்லாகினுக்கு மாறாக ‘டெல்நெட்’ பணிநிரலின் வழியே, அதே பழுது வெளிப்பட்டது. நிரல் வேறு, நிறுவனம் வேறு, ஆண்டு வேறு. எழுத்து மட்டும் ஒன்றே. லாகினின் ஏடும் பணிநிரலின் ஏடும் தனித்தனியே நோக்கின் குற்றமற்றவை. இரண்டையும் அருகருகே வைத்து, ‘இங்கிருந்து செல்லும் பெயர் அங்கே யாதாகக் கொள்ளப்படும்?’ என வினவியிருப்பின் விரிசல் புலப்பட்டிருக்கும். சி.டி.எஸ்.எஸ். முறையிற் கண்டது போன்றே ஈண்டும் பழுது இரண்டு கருவிகள் கூடும் எல்லையிற் பிறந்தது.

6. இன்றைய பேணுநர்

ஏகெட்டியை முதலில் எழுதியவர் நெதர்லாந்து நாட்டு ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வீட்சே வெனிமா. லினக்ஸில் வழங்கும் ஒரு லாகின் வடிவம் 1989ஆம் ஆண்டுப் பெர்க்கிலி லாகினினின்று தோன்றி, மைக்கேல் கிளாட், பீட்டர் ஓர்பெக் ஆகியோர் கைவழியே வந்து, பின்னர்க் கேரல் சாக் என்பவரால் திருத்தி எழுதப்பட்டது. இரண்டும் இப்போது ‘யூடில்-லினக்ஸ்’ எனும் தொகுதியுள் அடங்குவன. ஏடு பெயர்த்தெழுதியோர் வரிசையைச் சுவடியின் இறுதியிற் காண்பது போல, இவர்தம் வரிசையை லாகின் பக்கத்தின் இறுதியிற் காணலாம்.

ஏகெட்டியின் கையேட்டில் காப்புப் பற்றிய தனிப்பகுதி ஒன்றுள்ளது. தீயோர் பெயருள் விருப்பக் குறியை நுழைக்கக்கூடும் என்றும், பெயரின் முதற்கண் சிறுகோடு உளதா என்பதை ஏகெட்டி ஆராயும் என்றும், ஆயினும் அழைக்கப்படும் நிரல் அதனை எவ்வாறு கொள்ளும் என்பதைப் பொறியாள்வோரே தெளிதல் வேண்டும் என்றும் அது கூறுகின்றது. இனி வருவன விருப்பக் குறிகள் அல்ல எனக் காட்டும் இரட்டைச் சிறுகோட்டைப் பெயர்க்கு முன் இடும் வழியையும் அஃது உரைக்கின்றது. எல்லையைக் காக்கும் கடன் யாருடையது என்பதை ஏடு பகுத்துரைக்கும் இடம் இது.

மாறாக, அதே ஏட்டின் பழுதுகள் பகுதியில், 2400 பாட் வேகமுடைய மோடெம் வழி வரும் அழைப்பில் 30 மில்லி நொடிக்குள் ஏகெட்டி இயங்கத் தொடங்கவேண்டும் எனும் குறிப்பு உளது. அத்தகைய மோடெம் இன்று காண்டற்கு அரிது. இதனை நீக்கிவிடலாமே எனின், அக்குறிப்பிற்குரிய வேகம் அறியும் விருப்பக் குறி நிரலில் உள்ளவரை குறிப்பும் இருத்தலே முறை. நீக்குவதாயின் இரண்டையும் ஒருங்கே நீக்குக. 2021இல் இத்தொகுதியின் கையேட்டுப் பக்கங்கள் பழைய ‘ராஃப்’ வழிவந்த குறியீட்டினின்று ‘ஆஸ்கிடாக்’ எனும் எளிய குறியீட்டிற்கு மாற்றப்பட்டன. வடிவம் மாறியது, பழுதுகளும் காப்புக் குறிப்பும் உடன் கொணரப்பட்டன.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. வாயிற் கருவியின் பழுது பெரும்பாலும் கருவியினுள் அன்று, கருவிகள் கூடும் எல்லையிலேயே பிறக்கின்றது. அவ்வெல்லையை எந்த ஒரு நிரலும் தனித்துக் காட்டாது, ஏடே காட்டவல்லது. ஏட்டிற் காரணம் கூறப்பட்ட வழக்கத்தைப் பின்வந்தோர் மாற்றவும் காக்கவும் வல்லராயினர். காரணம் இருவேறு ஏடுகளிற் பிரிந்து கிடந்தவிடத்து, பதின்மூன்று ஆண்டின்பின் அதே வழியே பகைவர் புகுந்தனர்.

எனவே லாகின் போன்ற கருவியில் ஓர் எழுத்தை மாற்றுவோர், அதன் பக்கத்தையும் அதனை அழைக்கும் நிரல்களின் பக்கங்களையும் அன்றே எடுத்துப் படித்தல் கடனாகும். முதற் பதிப்பிலிருந்த ‘உடையார்’ எனும் தலைப்பை ஒவ்வொரு பக்கத்திற்கும் மீட்டளிப்பின், அக்கடன் இன்னார்க்கு உரியதென்பதும் விளங்கும்.