லினக்ஸ் அகக்கருவும் எச்சரிக்கைகளும்

மருதமுனைக் கைத்தறிகளில் நெய்து இறக்கிய துணியின்மேற் பஞ்சுத் துகள் படிந்திருப்பதைக் கல்முனைப் பகுதியினர் நன்கறிவர். அத்துகளுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் ‘லின்ட்’. 1978இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன், சி மொழி நிரல்களை இயக்காமலே வாசித்து ஐயத்துக்குரிய இடங்களைச் சுட்டும் கருவியொன்றை ஆக்கி, அப்பெயரையே அதற்குச் சூட்டினார். நிலைப் பகுப்பாய்வு என இன்று வழங்கும் முறையின் முன்னோடிகளுள் அது தலையாயது.

கேர்னல் எனப்படும் இயக்க முறைமையின் அகக்கருவுக்கு இம்முறை பெரிதும் வேண்டப்பட்டது. சாதாரண நிரல் பழுதுற்றால் அது மட்டுமே நிற்கும். அகக்கரு பழுதுற்றாற் கணினி முழுவதும் நின்றுவிடலாம், அதன் காவலும் குலையலாம். 2003இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் அகக்கருவுக்கென ‘ஸ்பார்ஸ்’ என்னும் கருவியை எழுதலானார். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்விலிருந்து தோன்றிய கவரிட்டி நிறுவனம், அகக்கருவின் 57 இலட்சம் வரிகளில் 985 வழுக்களைக் கண்டதாக 2004 டிசம்பரில் அறிவித்தது.

ஆயினும் எச்சரிக்கை யாவும் வழுவாகிவிடா. பெறுமானம் இடப்படுமுன்னரே ஒரு மாறி வாசிக்கப்படலாமெனத் தொகுப்பி ஐயுறும். அவ்வாறு நிகழ வழியில்லையென நிரலை எழுதியவர் அறிந்திருப்பார். இதற்கொரு குறுக்குவழி 2007இல் அகக்கருவில் இடம்பெற்றது. மாறிக்கு அதனையே பெறுமானமாக இடும் சிறு சொற்சுருக்கம் அது. அதனாற் கணிப்பில் யாதும் திருந்தாது. தொகுப்பி மட்டும் வாய்மூடிவிடும். இதன் தீங்கு உடனே தெரிவதன்று. ஆண்டுகள் சில கழிந்து வேறொருவர் அந்நிரலை மாற்றியமைக்க, மாறி உண்மையிலேயே பெறுமானமின்றி வாசிக்கப்படும் நிலை நேர்ந்தாலும், முன்னர்க் கட்டிய வாய் அவிழாது. அது மெய்யான வழுக்களையும் மறைக்கின்றதெனக் காரணங்காட்டி, கீஸ் குக் 2020இல் அச்சொற்சுருக்கத்தை அகக்கருவினின்றும் அகற்றினார்.

வியப்பென்னவெனில், அதே ஆண்டில் டோர்வால்ட்ஸ் அவ்வகை ஐயத்தையே வழக்கமான தொகுப்பில் எழாதவாறு நிறுத்திவைத்தார். ஜிசிசி தொகுப்பியின் 10ஆம் பதிப்பு எழுப்பிய பொய்யெச்சரிக்கைகள் மிகுந்தமையே காரணம். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளல் தகாது. முன்னையது ஆங்காங்கே மறைவில் இட்ட பூட்டு. பின்னையது யாவரும் அறிய எடுத்த முடிவு, வேண்டுவோர் மீளத் திறக்கலாம்.

2021 செப்டெம்பரில் அவர் மறுமுனைக்கே சென்றார். எச்சரிக்கை எதுவாயினும் அதனைப் பிழையெனக் கொண்டு தொகுப்பை நிறுத்தும் விதி இயல்பாக்கப்பட்டது. பல தொகுப்புகள் முறிந்தன, முறையீடுகள் எழுந்தன. சில நாட்களுள் அவ்விதி, சோதனைத் தொகுப்புகளுக்கு மட்டுமே இயல்பாகப் பொருந்துமாறு தளர்த்தப்பட்டது.