‘ஃபனி போய்’ திரைப்படமும் தமிழர் விமர்சனமும்

ஷியாம் செல்வதுரை 1994 இல் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபனி போய்’ நாவலைத் தழுவித் தீபா மேத்தா நெறிப்படுத்திய திரைப்படம் 2020 டிசம்பரில் வெளியாயிற்று. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் பிள்ளையாகிய அர்ஜி, சிறு பிராயத்திற் சேலையுடுத்து மணப்பெண்ணாக விளையாடுகிறான். பள்ளிப்பருவத்திற் சிங்கள மாணவனாகிய ஷெஹானைக் காதலிக்கிறான். 1983 யூலை வன்செயலில் வீட்டை இழக்கிறான்.

மேத்தாவின் ‘ஃபயர்’ இரு பெண்களின் காதலைக் காட்டியமைக்காக 1998 இல் இந்தியத் திரையரங்குகள் தாக்கப்பட்டன. ‘ஃபனி போய்’ பற்றிய பிணக்கோ பொருள் பற்றியதன்று, மொழி பற்றியது. கனடா இதனை ஒஸ்கார் சர்வதேசப் படப் பிரிவுக்கு அனுப்பியபோது ஆங்கில உரையாடல் மிகுதியெனக் கூறி விலக்கினர். புலம்பெயர் தமிழரோ தமிழின் தரத்தையே வினாவினர். முதன்மைப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழரல்லாதார் ஏற்றமையும், அவர்தம் நாவிற் தமிழ் சிதைந்தமையும் கண்டனத்துக்குள்ளாயின. தன்பாற் காதலரான தமிழரும் இக்கண்டனத்தில் முன்னின்றமை குறிப்பிடத்தக்கது. ஆகவே இதனைப் பழைமைவாதிகளின் கூச்சலென்று தள்ளிவிட இயலாது.

கண்டனம் நியாயமானதே. அர்ஜியின் குடும்பம் ஆங்கிலம் பயின்ற கொழும்பு மேற்றட்டினது. அங்கே ஆங்கிலம் மிகுதல் இயல்பு. பேசும் சிறிதளவு தமிழும் பிழைபடுதல் வேறு விடயம். 1956 ஆம் ஆண்டின் தனிச்சிங்களச் சட்டம் முதலாக மொழியின் பொருட்டு இடருற்ற மக்களின் கதை இது.

ஆயினும் இவ்விவாதத்தில் அர்ஜியின் காதல் போதிய ஆராய்ச்சி பெறவில்லை என்பது எம் கருத்து. வெல்லாவெளி முதலிய படுவான்கரை ஊரவர்க்கு ஆடவன் பெண்ணுடை தரித்தல் புதுமையன்று. வடமோடியிலும் தென்மோடியிலும் அரசியராக ஆடியோர் ஆடவரே. அண்ணாவியார் பழக்க, ஊர் கூடி விடியுமட்டும் கண்டு களித்தது. (இம்மரபை இப்படத்தோடு இணைத்து நோக்குவார் இலர்.) எனவே அர்ஜியின் சேலை மட்டும் அவன் தந்தையை அச்சுறுத்தியதாகக் கொள்ளலாகாது. கூத்தின் வேடம் விடியலிற் களையப்படும். மகனிடத்து அவர் கண்டதோ களையவொண்ணா இயல்பு. அதனாலேயே அவனை ‘ஆண்மகனாக்க’ வேண்டிப் பள்ளி மாற்றுகிறார். அப்பள்ளியிலேதான் ஷெஹானைச் சந்திக்கிறான்.

1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. நாவல் வெளிவந்த மறு ஆண்டாகிய 1995 இல் அச்சட்டம் பெண்களுக்கும் விரிக்கப்பட்டது. தமிழுச்சரிப்பை நுணுகி ஆராய்ந்த நம் விமர்சகர் இதனையும் அதே நுணுக்கத்தோடு நோக்கியிருக்கலாம்.