இருப்புப்பாதை வழிகாட்டியும் திவ்யதேச யாத்திரையும்

திவ்யதேசங்களைச் சோழநாடு, நடுநாடு, தொண்டைநாடு என்று நாட்டடைவே எண்ணுதல் நம் ஸம்ப்ரதாயம். பெரியோர் கால்நடையாகவும் வண்டியிலும் சென்று ஸேவித்த அத்தலங்களுக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் மற்றோர் அடைவும் ஏற்பட்டது. அது இருப்புப்பாதையின் நிலைய வரிசை. அதனை அறிய நல்ல சான்றாக இருப்பது, தென்னிந்திய ரயில்வேயைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியான படங்களுடன் கூடிய வழிகாட்டி நூல். அதன் ஒரு பதிப்பை 1900இல் சென்னை ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டது. 1926இல் மற்றொரு பதிப்பு வெளிவந்தது.

நிலையந்தோறும் தங்குமிடம், வண்டி வசதி, உத்ஸவம், காணத்தக்கவை ஆகியவற்றை இந்நூல் கூறிச் செல்கிறது. ஆழ்வார்களின் மங்களாசாஸனம் அதற்கு விஷயமன்று. ஆதலின் தலப்பெருமைக்கு இதனைப் பிரமாணமாகக் கொள்ளலாகாது. யாத்ரீகர் எங்கே இறங்கினார், எவ்வழியே கோயிலை அடைந்தார் என்பதற்கோ இது தக்க சான்று.

ஏடுகளில் பாடபேதம் காண்போர், எவ்வேடு முந்தையது என்று முதலில் வினவுவர். வழிகாட்டியிலும் அவ்வினாவே முதன்மையானது. 1900ஆம் ஆண்டுப் பதிப்பின் தலைப்பிலேயே மாயவரம்–முத்துப்பேட்டை, பேரளம்–காரைக்கால் பாதைகள் குறிக்கப்பெற்றுள்ளன. திருக்கண்ணபுரம் செல்வோர் நன்னிலத்தில் இறங்கும் வசதி, இவற்றுள் முன்னதால் வந்ததே.

பெருமாள் கோயில் என்று ப்ரஸித்தமான காஞ்சிக்கு அரக்கோணத்திலிருந்து 1865இலேயே பாதை வந்துவிட்டது. அதனை இட்ட இந்தியன் டிராம்வே கம்பெனி, தண்டவாளங்களுக்கிடையே மூன்றரை அடி அகலமே வைத்தது. பின்னர்க் கர்நாடிக் ரயில்வே எனப் பெயர் பெற்ற அக்கம்பெனி, 1874இல் கிரேட் சதர்ன் ரயில்வேயுடன் இணைந்து தென்னிந்திய ரயில்வே ஆயிற்று.

கோயில் என்றே வழங்கப்பெறும் ஸ்ரீரங்கத்தின் நிலை வேறு. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்கு வரும் குறுக்குப்பாதை 1920களின் இறுதியில்தான் திறக்கப்பட்டது. ஸ்ரீரங்கம் நிலையம் அப்பாதையைச் சேர்ந்தது. ஆகவே மேற்கூறிய இரு பதிப்புகளின் காலத்திலும் யாத்ரீகர் தென்கரையில் திருச்சிராப்பள்ளியில் இறங்கி, காவேரியைக் கடந்தே அரங்கனை ஸேவிக்க வேண்டியிருந்தது.

இதனால் விளையும் பயன் சிறிதன்று. ஒரு பெரியவர் 1905இல் ஸ்ரீரங்கம் நிலையத்தில் ரயிலிலிருந்து இறங்கினார் என்று பிற்காலத்துச் சரித்திரமொன்று கூறுமாயின், அச்செய்தி பின்னோரால் சேர்க்கப்பட்டதென்று துணியலாம். அதுகொண்டு நூல் முழுவதையும் தள்ளுவதும் முறையன்று. அவ்வொரு வாக்கியத்தையே ஐயுறல் வேண்டும். சென்ற நூற்றாண்டின் யாத்திரைக் குறிப்புகளையும் ஆசார்யர்களின் வரலாறுகளையும் பதிப்பிக்க முற்படுவோர், அந்தந்தக் காலத்து வழிகாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிலையப் பெயர்களை ஒப்புநோக்குவாராக. நம் பெரியோர்களின் சரித்திரத்தைப் பிழையின்றிக் காப்பதும் அவர்களுக்குச் செய்யும் கைங்கர்யமே.