முஸன்னா: அரபு எழுத்தணியில் இருமை

அரபு இலக்கணம் பயில்வோர் தொடக்கத்திலேயே அறிந்துகொள்ளும் கலைச்சொற்களுள் ஒன்று ‘முஸன்னா’. ஒருமைக்கும் பன்மைக்கும் இடையே, இரண்டை மட்டும் குறிக்க அமைந்த இருமை எண் அது. தமிழில் இதற்கு நிகரான வடிவம் இல்லை. ‘கிதாப்’ என்னும் சொல் அலிஃபும் நூனும் ஏற்றுக் ‘கிதாபானி’ என நின்றாலே இரு நூல்கள் என்று பொருள்படும். ‘இரண்டு’ என்று தனியே எண்ணிச் சொல்ல வேண்டுவதில்லை.

இதே பெயரை எழுத்தணிக் கலைஞர்களும் தம் கலையின் ஒரு வகைக்கு வழங்கினர். ஒரு சொல்லையோ தொடரையோ எழுதி, அதன் கண்ணாடிப் பிம்பத்தை எதிரே நிறுத்தி, இரண்டையும் ஒரே உருவமாகப் பிணைப்பது முஸன்னா. துருக்கியர் இதனை ‘அய்னலி’, அதாவது கண்ணாடி எழுத்து, என்றும் அழைப்பர்.

தலைகீழாகத் திருப்பினாலும் படிக்கத்தக்க எழுத்துருவங்களை மேலைநாட்டார் ‘அம்பிகிராம்’ என்பர். 1980களில் அமெரிக்க அறிஞர் டக்ளஸ் ஹாஃப்ஸ்டேடர் வழியாகப் பரவிய இப்பெயர், 2000ஆம் ஆண்டில் வெளியான டான் பிரவுனின் புதினம் ஒன்றுக்கு ஜான் லாங்டன் வரைந்த உருவங்களால் உலகறிந்ததாயிற்று. எழுத்தைச் சமச்சீராக அமைக்கும் முயற்சியோ இஸ்லாமிய உலகில் பல நூற்றாண்டுகள் முற்பட்டது.

அதன் ஒரு கிளை செங்கல்லில் பிறந்தது. செங்கல்லை வளைக்க இயலாது. ஆகவே கட்டடக் கலைஞர்கள் நேர்கோடுகளாலும் செங்கோணங்களாலும் மட்டுமே அமைந்த சதுரக் கூஃபி எழுத்தை உருவாக்கினர். ஆட்சிக்காலம் கி.பி. 1099 முதல் 1115 வரையிலான கஸ்னவி சுல்தான் மூன்றாம் மஸ்ஊதின் கஸ்னி மினாராவில் அதன் தொன்மையான வடிவத்தைக் காணலாம். பின்னர் ஈரானிலும் சமர்கந்திலும் அது செழித்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரை ஒரு மையத்தைச் சுற்றி நான்கு முறை அமைப்பது இம்முறையின் புகழ்பெற்ற உருவமாகும். எந்தப் பக்கத்திலிருந்து நோக்கினாலும் ஒரு பெயர் நேராக நிற்கும். இது சுழற்சிச் சமச்சீர். முஸன்னாவோ பிம்பச் சமச்சீர்.

முஸன்னாவின் சிறந்த சான்று இஸ்தான்புல்லில் உள்ளது. தோப்காபி அரண்மனையின் வெளிவாயிலான பாபே ஹுமாயூனில், ஹிஜ்ரி 883இல் (கி.பி. 1478) அலீ பின் யஹ்யா ஸூஃபி என்னும் கலைஞர் சூரத்துல் ஹிஜ்ரின் 45 முதல் 48 வரையிலான வசனங்களை ஸுலுஸ் எழுத்தில் முஸன்னாவாக அமைத்தார். இறையச்சமுடையோர் அமைதியுடன் சுவனத்துள் நுழைவதைப் பேசும் வசனங்கள் அவை. நுழைவாயிலுக்கு மிகப் பொருத்தமானவை. புர்ஸா நகரின் பெரிய பள்ளிவாசல் 1399இல் கட்டி முடிக்கப்பட்டது. 1855ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அது சேதமுற்றபின், ஷஃபீக் பே உள்ளிட்ட கலைஞர்கள் அதன் சுவரெழுத்துகளைப் புதுப்பித்தனர். அங்கு எதிரெதிரே நிற்கும் வாவ் எழுத்துகள் காண்போரைக் கவர்வன.

இக்கலைக்குப் பலரும் மறைபொருள் கூறியுள்ளனர். வாவின் அப்ஜத் மதிப்பு 6. இரு வாவ்கள் அருகருகே நின்றால் 66. ‘அல்லாஹ்’ என்னும் திருநாமத்தின் மதிப்பும் 66 என்பர். வெளிப்பொருளும் உட்பொருளும் எதிர்நிற்பதாகக் கொள்வோரும் உளர். இவை சுவையான விளக்கங்களே. எனினும், எழுத்து ஏன் அவ்வாறு வளைந்தது, ஏன் அவ்விடத்தில் நீண்டது என்பதற்கு இவற்றில் விடை இல்லை.

விடை கலைஞனின் செய்முறையில் உள்ளது. தாளை நடுவே மடித்து, எழுத்தின் விளிம்பு நெடுக ஊசியால் நுண்துளையிட்டால், விரிக்கும்போது மறுபாதியும் தானே கிடைத்துவிடும். துளைகளின் மேல் கரித்தூளை ஒற்றி உருவத்தைச் சுவருக்கோ பலகைக்கோ மாற்றுவர். எனவே பிம்பத்தைப் பெறுவது அன்றும் எளிதே. நடுக்கோட்டில்தான் கலைஞனின் திறன் சோதிக்கப்படுகிறது. அலிஃபும் லாமும் எங்கே எதிரெழுத்தைக் கடக்க வேண்டும், எந்த வளைவு மற்றொன்றைத் தழுவ வேண்டும், எங்கே வெற்றிடம் விட வேண்டும் என்பதையெல்லாம் முதற்பாதியை எழுதும்போதே அவன் தீர்மானித்தாக வேண்டும். அந்தப் பிணைப்பு அமையாவிடில் அது இருமுறை எழுதிய ஒருமை, முஸன்னா ஆகாது.

இறைவசனத்தைத் திருப்பி எழுதலாமா என்னும் ஐயம் எழுவது இயல்பு. ஒரு பாதி முறைப்படி எழுதப்பட்டு, படிக்கத்தக்கதாகவே நிற்கிறது. மறுபாதி அதன் நிழல். ஆகவே நேரான பாதி பிழையின்றியும் தெளிவாகவும் இருத்தல் முதற்கடமை. அதனைப் பின்னலில் மூழ்கடிப்பது அழகுமன்று, வசனத்திற்குச் செய்யும் கண்ணியமுமன்று.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எவ்வெழுத்தும் இடவலமாக மாறிவிடுகிறது. திருமண அழைப்பிதழ்களிலும் பள்ளிவாசல் முகப்புகளிலும் இவ்வகை வடிவங்கள் பெருகுவதற்கு இந்த எளிமையே காரணம். அவற்றுள் பல, நடுவில் ஒன்றையொன்று அறியாமல் முட்டிநிற்கும் இரு துண்டுகளே. கத்துக் கலை கற்பிக்கப்படும் நம் கல்லூரிகளில் பாபே ஹுமாயூன் கல்வெட்டின் படத்தை மாணவர் முன் வைத்து, முதலில் நேரான பாதியைப் படிக்கச் செய்து, பின்னர் நடுக்கோட்டில் ஒவ்வோர் எழுத்தும் எவ்வாறு இணைகிறதென ஆராயச் செய்யலாம். நஹ்வு பாடத்தில் இருமையைக் கற்கும் மாணவர்க்கு அப்பயிற்சி பெரிதும் துணைபுரியும்.