கியர் எஞ்சின் ஏறாத மலை: கொச்சி வன டிராம்வேயின் சரிவுப்பாதைகள் குறித்த ஒரு மறுவாசிப்பு

சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்கு ஓடிய கொச்சி சமஸ்தான வன டிராம்வே (1907–1963) பற்றிய எழுத்துகளில் ஒரு கருத்து திரும்பத் திரும்ப வருகிறது. மலையேறும் எஞ்சின் வாங்க வசதியில்லாத சிறு சமஸ்தானம் நடுவழியில் வடம் கட்டிய சரிவுப்பாதைகளைப் போட்டுச் சமாளித்தது. அந்தக் குறையே நட்டத்துக்கும் மூடலுக்கும் காரணமாயிற்று என்பது அக்கருத்து. இதன் இரு பாதிகளும் தவறு என்பதே என் வாதம்.

எந்தச் சுமை, எந்தத் திசையில் என்ற கேள்வியிலிருந்து தொடங்குவதே முறை. இங்கே சுமை தேக்குத் தடி, திசை மலையிறக்கம். ஒப்பிட்டுப் பார்க்க, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் பதனிடும் தொட்டிகளுக்கும் தாவரப் பொருள் டன் கணக்கில் தேவைப்பட்டது. ஆனால் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் பிரித்துக் கட்டக்கூடியவை. தலைச்சுமையாகவோ மாட்டுவண்டியிலோ வந்து சேர்ந்துவிடும். தேக்குத் தடியை அப்படிப் பிரிக்க முடியாது. துண்டு போட்டால் விலை போய்விடும். முழுத் தடியாகவே மலையிறங்க வேண்டும் என்ற கட்டாயம்தான் காட்டு ரயில்களை உருவாக்கியது.

அக்கட்டாயத்துக்கு அமெரிக்கா கண்ட விடை ஷே எனும் கியர் எஞ்சின். எஃப்ரைம் ஷே 1881-ல் காப்புரிமை பெற்ற இதனை ஒஹையோவின் லிமா தொழிற்சாலை செய்து விற்றது. வலப்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் சிலிண்டர்கள் நீளவாக்கில் ஒரு தண்டைச் சுழற்றும். அத்தண்டிலிருந்து பற்சக்கரங்கள் வழியாக எல்லா அச்சுகளுக்கும் விசை போகும். வேகம் குறைவு, பிடிப்பு அதிகம். அவசரத்தில் போட்ட கோணல்மாணல் தண்டவாளத்திலும், ஏறியிறங்கும் நிலத்திலும் அதற்கு ஈடு கிடையாது.

பரம்பிக்குளத்தின் நில அமைப்பு வேறு. மேலே வளமான தேக்குக் காடு, நடுவே செங்குத்தான இறக்கம், கீழே சமவெளி. டிராம்வேயும் அப்படியே மூன்றாகப் பிரிந்தது. கீழ்ப்பகுதியிலும் மேல்பகுதியிலும் பெர்லினின் ஓரன்ஸ்டைன் அண்டு கோப்பல் கம்பெனியின் நீராவி எஞ்சின்கள் இழுத்தன. நடுவில் ஆனப்பந்தம், பொத்துப்பாறை, கோமளப்பாறை பக்கத்துச் சரிவுகளில் எஞ்சினே இல்லை. உச்சியில் பிரேக் பூட்டிய உருளை, அதில் சுற்றிய இரும்பு வடம், வடத்தின் ஒரு முனையில் தடி ஏற்றிய வண்டி, மறுமுனையில் வெறும் வண்டி. பாரவண்டி தன் எடையால் இறங்கும்போதே வெறும் வண்டியை மேலே இழுத்துவிடும். விறகும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். வேகத்தை அடக்கும் பிரேக்காரரின் கைப்பக்குவம் ஒன்றுதான் வேண்டும்.

இதைக் குறைபாடு என்பவர்கள் ஒரு எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லை. அந்த இறக்கத்தில் கியர் எஞ்சினை ஓட்டினால் அதன் வேலை என்ன? இறங்கும்போது சுமையோடு தன் எடையையும் சேர்த்துப் பிரேக் போட வேண்டும். ஏறும்போது வெறும் வண்டிகளோடு தன்னையும் தூக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு திசையிலும் எரிபொருள் பெரும்பாலும் எஞ்சினுக்காகவே செலவாகும். சுமை முழுவதும் கீழ்நோக்கி வரும் பாதையில் அந்த எடையே பாதையை விட்டு விலகி நிற்பது சிக்கனம். பக்கத்து ஆனைமலையின் டாப்ஸ்லிப்பில் அதற்கு முன்பே தடிகளை மலையிலிருந்து சறுக்கிவிடும் வழக்கம் இருந்தது. கொச்சிப் பொறியாளர்கள் அந்தச் சறுக்கலுக்குப் பிரேக் போட்டார்கள் எனக் கருத இடமுண்டு. அதனை ஏழ்மையின் சமாளிப்பு என்று ஒதுக்குவது பொறியியலையே பார்க்க மறுப்பதாகும்.

தைவானின் அலிசான் பாதையில் ஷே எஞ்சின்கள் 2,000 மீட்டருக்கு மேல் ஏறினவே என்று கேட்கலாம். சுழல்பாதையும் முன்பின் ஏற்றமுமாக ஒரு பேரரசு கொட்டிய முதலீட்டை ஒரு சமஸ்தானத்தோடு ஒப்பிடுவதில் பொருளில்லை.

நட்டக் கணக்குதான் பெரிய சிக்கல். விடுதலைக்குப் பின் டிராம்வேயை ஆராய்ந்த நிதிக் குழு அதை மூடச் சொன்னது. முந்தைய ஆய்வுகள் அந்தப் பரிந்துரையை எந்திரத்தின் மீதான தீர்ப்பாகவே வாசிக்கின்றன. நட்டம் உண்மை, அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது எதன் நட்டம்?

சுயஎடையில் ஓடும் சரிவுப்பாதைக்குத் தனி இயல்பு ஒன்று உண்டு. அதன் எரிபொருள், இறங்கும் தடியேதான். மேலே போகவேண்டிய அரிசி, தளவாடம், வெறும் வண்டி எல்லாம் சேர்ந்த எடையையும் வடத்தின் உராய்வையும் மிஞ்சும் அளவுக்குத் தடி கீழே வர வேண்டும். வெட்டு குறைந்தால் வருவாய் குறைவதோடு நிற்பதில்லை, ஏற்றும் சக்தியும் குறைகிறது. வடம், பிரேக், பாலம், ஒவ்வொரு சரிவுக்கும் ஆள் என்ற செலவுகளோ அப்படியே நிற்கும். இயற்கையாய் வளர்ந்த பெருந்தேக்கு பல பத்தாண்டு வெட்டில் தீர்ந்துகொண்டிருந்தது. நட்ட தேக்கு வெட்டும் பருவத்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகும். அந்த இடைவெளியில் சிக்கிய எந்தப் பாதையும் நட்டத்தில்தான் ஓடும். கியர் எஞ்சின் இருந்திருந்தால் விறகுச் செலவும் கூடியிருக்கும். அந்த நட்டக் கணக்கைக் காடு ஒழிந்ததற்கான சான்றாகவே நான் வாசிக்கிறேன். துணக்கடவுக்கு அருகே இன்றும் நிற்கும் கன்னிமாரா தேக்கைக் கண்டவர்களுக்கு எவ்வகை மரம் கீழே போயிற்று என்று விளக்க வேண்டியதில்லை.

இதோடு வெளிக்காரணங்கள் இரண்டு சேர்ந்தன. 1902-ல் ஷொர்ணூர்–எர்ணாகுளம் பாதை மீட்டர் கேஜில் வந்தது. டிராம்வேயும் அதே கேஜ். 1930களில் அந்தப் பாதை அகலப்பாதையாக மாறியபோது சாலக்குடியில் இருந்த கேஜ் ஒற்றுமை போயிற்று. பிறகு பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்காகத் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து சாலைகள் போடப்பட்டன, லாரி வந்தது. இவ்விரண்டில் எதற்கும் சரிவுப்பாதை பொறுப்பாகாது.

மூன்று பகுதிகளில் இரண்டில் எஞ்சின் ஓடியதே, அதன் பங்கு சிறிதா என்ற மறுப்புக்கு விடை சுருக்கமானது. ஒரு நாளில் எத்தனை தடி சாலக்குடி சேரும் என்பதை எஞ்சினின் குதிரைத்திறன் நிர்ணயிக்கவில்லை. சரிவில் ஒரு தடவைக்கு எத்தனை வண்டி விடலாம் என்பதுதான் நிர்ணயித்தது. எஞ்சின் படங்களையும் தயாரிப்பு எண்களையும் திரட்டுவதிலேயே ரயில் வரலாற்றுத் துறை ஊக்கம் காட்டிவந்திருப்பது வருத்தத்துக்குரியது.

சரிவுகளின் தடயங்கள் புலிகள் காப்பகத்துக்குள் மழையிலும் வேரிலும் சிதைந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றின் நீளம், சாய்வு, உருளை மேடையின் அளவு ஆகியவற்றைக் கேரள வனத்துறையின் ஒப்புதலோடு உடனடியாக அளந்து பதிவுசெய்ய வேண்டும். பரம்பிக்குளத்துக்கு இன்று சாலை வழி பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகவே இருப்பதால், இப்பணியில் தமிழகப் பல்கலைக்கழகங்கள் முன்வருவதே எளிது.