பலாலிக்கு எவ்வளவு தூரம்?

திருவேட்டக்குடியில் கிழக்கே கடல்தான் எங்களுக்கு எல்லை. அதைத் தாண்டி யாழ்ப்பாணத்துக்கு எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளந்தேன். நேர்கோட்டில் பலாலி விமான நிலையம் சுமார் 135 கிலோமீட்டர். திருச்சி விமான நிலையமும் ஏறக்குறைய அவ்வளவே! ஆனால் பலாலிக்குப் பறக்க நாங்கள் முதலில் வேறு திசையில், மேற்கே திருச்சிக்குப் போகவேண்டும். பஸ்ஸில் தஞ்சாவூர் வழியாக நாலு மணி நேரத்துக்குக் குறையாது.

பலாலி, இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம். 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் டகோட்டா விமானம் கொழும்புக்கு அருகே இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறை எனப்பட்ட இந்தப் பலாலியில் இறங்கி, சென்னைக்குப் போனது. பிறகு இலங்கையின் உள்நாட்டுப் போர் வந்து அந்த வானத்தையே அடைத்துவிட்டது. எத்தனை குடும்பங்கள் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போக முடியாமல் தவித்தன!

2019 நவம்பரில் சென்னை விமானம் திரும்பியது. கொரோனாவில் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது. 2025 மார்ச் 30 முதல் திருச்சியிலிருந்தும் இண்டிகோவின் சிறிய ஏடிஆர் விமானம் பறக்கிறது. தூரம் சுமார் 180 கிலோமீட்டர், அட்டவணைப்படி ஒரு மணி நேரம். ஓடுதளத்தில் ஊர்வதும் ஏறி இறங்குவதும் போக, கடல்மேல் பறப்பது கொஞ்ச நேரமே.