களா

அரளிக் குடும்பத்தைச் சேர்ந்த முட்செடியையும் அதன் கனியையும் குறிக்கும் 'களா' என்னும் பெயர், குற்றெழுத்தை அடுத்து நிற்கும் ஆகாரம் குறுகி உகரம் ஏற்கும் முறைப்படி (நிலா நிலவு என ஆவதுபோல்) செய்யுளில் 'களவு' என வரும்; பேச்சில் அது 'கிளா' எனத் திரிந்து, கிளாக்காய், கிளாப்பழம் என்ற அழகிய வழக்குகளைத் தந்துள்ளது. காரிசா காரண்டாசு என லின்னேயசு 1767இல் இட்ட தாவரப் பெயரின் பின்பாதியோ வடபுலத்துக் 'கரோந்தா'வோடு உறவுடையது.

கிள்ளினால் வெண்பால் கசிந்து விரலில் பிசுபிசுக்கும் இளங்காய், புளிப்பு மிகுதியால் ஊறுகாய்க்கே உரியது. கருநீலமாகப் பழுத்தபின் இனிப்பேறும். பித்தம், குமட்டல், நீர்வேட்கை ஆகியவற்றைத் தணித்துப் பசியைத் தூண்டுவதாகச் சித்த மருத்துவம் இதனைப் போற்றுகிறது.